முதலில் இழை எண்ணப் பழகுங்கள்
கை எம்பிராய்டரியை வகுப்பில் சேர்ந்தும் ஊர் ஊராகப் போயும் கற்கலாம் என்ற கட்டுரை நன்று. ஆனால் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதலில் இழை எண்ணப் பழகுங்கள். நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் துணியில் கோடு வரைவதில்லை, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் மாட்டுவதில்லை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுகிறார்கள். என்ன ஒரு கை! 2013இல் அந்த எம்பிராய்டரிக்கு, இன்ன ஊர்க் கைவேலை என்று காட்டும் புவிசார் குறியீடும் கிடைத்தது. இழை தெரியும் துணி வாங்கி வீட்டிலேயே பழகலாம். அப்புறம் கோத்தகிரியில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போகும்போது, ஊட்டிப் பக்கம் அந்தப் பெண்களிடமே கேளுங்கள். வகுப்பு நடத்துகிறவர்கள் துணி, நூல் செலவையும் முன்கூட்டியே சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.