ஹோமிலிருந்து வந்த பையனுக்கு முதல் பிரியாணி யார் வாங்கித் தருகிறார்?

போன மாதம் எங்கள் மாலை வகுப்புக்குப் பழைய மாணவன் ஒருவன் வந்தான். வயது 16. செல்போன் பறிப்புக் கேஸில் கூர்நோக்கு இல்லத்தில், அதாவது கேஸில் சிக்கிய 18 வயதுக்குட்பட்டவர்களை வைக்கிற அரசு 'ஹோமில்', இருந்துவிட்டு வந்தவன். பெயர், தெரு எதையும் சொல்லப் போவதில்லை. சட்டப்படியும் சொல்லக் கூடாது.

வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா" என்ற பிறகுதான் வந்தான். "உட்காரட்டாக்கா?" என்று கேட்டான். தண்ணீர் குடிக்கவும் கேட்டான். முன்பெல்லாம் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பையன். ஆறு மணி அடித்ததும் சட்டென்று எழுந்து சுவரோரம் போய் நின்றான். அங்கே தலை எண்ணுகிற நேரமாம். சின்னதுகள் சிரித்தன. அவனும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தான்.

வெளியே வந்த அன்றைக்கே அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தது ஏரியா 'அண்ணன்' ஒருவர். பைக்கும் ஓட்டக் கொடுத்தாராம். எப்படி இருக்கிறான் என்று விசாரிக்க அரசுத் தரப்பில் ஆள் வந்தது மூன்று வாரம் கழித்து. அதுவும் ஒரு கையெழுத்துக்கு. இந்த மூன்று வாரம்தான் என் வயிற்றெரிச்சல்.

இல்லங்களைப் பற்றி நாம் பேசுவதே அங்கே ஏதாவது நடந்தால்தான். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில் 17 வயதுப் பையன் இறந்து, இல்ல ஊழியர்கள் கைதான பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். அது தேவைதான். அடி உதை இல்லாத இல்லம் என்பது குறைந்தபட்சம். ஆனால் நல்ல இல்லத்திலிருந்து வருகிற பையனும் அதே தெருமுனைக்குத்தானே வருகிறான்?

2015 இளைஞர் நீதிச் சட்டத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. இந்தப் பிள்ளைகளின் கேஸை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். 18 முடிந்து வெளியே போகிறவர்களுக்குப் பின்கவனிப்பு, அதாவது வெளியே போன பிறகும் கிடைக்கிற உதவி, உண்டு. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியான பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் இருக்கிறது. இவன் அம்மாவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவர் டிசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கு நடையாய் நடந்தார். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார்கள், அவ்வளவுதான்.

போலீஸ் தரப்பில் 2022-ல், பிள்ளைகளைப் பொறுப்புள்ளவர்களாக வளர்க்க 'சிற்பி' திட்டம் வந்தது. சென்னையில் 100 பள்ளிகள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். நல்ல முயற்சி. ஆனால் எங்கள் பையன் மாதிரி ஆட்கள் பள்ளியில்தான் இல்லையே! அவர்கள் இருக்கிற இடம் மைதானம், மொட்டைமாடி, டீக்கடை.

அதனால்தான் எனக்கு வடசென்னை வியாசர்பாடியில் நடக்கிற வேலை பிடிக்கும். 1997-ல் உமாபதியும் தங்கராஜும் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பந்தோடு டியூஷனும் உண்டு. யார் திருந்த வேண்டும் என்றெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாரும் ஆட வந்த பிள்ளைகள். ஒரு நாள் வராவிட்டால் "ஏன்டா வரல?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அந்த 'அண்ணன்' செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். காணோம் என்றால் தேடிக்கொண்டு வருகிறார். நாம்தான் தேடுவதில்லை.

வார்டுக்கு ஒரு மைதானம், விளக்கு, மாதச் சம்பளத்துக்கு இரண்டு பயிற்சியாளர்கள். இல்லத்தின் மதில் சுவரை உயர்த்துவதற்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்பேன். 'அங்கே கஞ்சா அடிப்பார்கள்' என்று சிலர் கமெண்டில் வருவீர்கள், தெரியும். விளக்கு போட்டால் அடிப்பது கஷ்டம், சரியா?

இப்போதைக்கு ஒரு உதவி. பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் டூ வீலர் மெக்கானிக் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பையனை வேலைக்கு இல்லை, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை தொழில் பழகக் கூட வைத்துக்கொண்டால் போதும். வராத நாளில் எனக்கு ஒரு போன் போட வேண்டும். கேஸ் விவரம் மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.