பூனைக்கு ஒரு சிலை

(இடம்: கிழக்கு லண்டன், இல்ஃபோர்ட்டில ஒரு தேநீர்க்கடை. பரமர், இளைப்பாறினவர், எந்தக் கூட்டத்திலயும் தலைவர். குகன், வெண்கலச் சிலை வார்க்கிற பட்டறையில வேலை.)

பரமர்: குகன், இதில ஒரு கையெழுத்து வையும்.

குகன்: எதுக்கண்ணை?

பரமர்: சைமனுக்குச் சிலை வைக்கிற குழு. நான் தலைவர், நீர் செயலாளர்.

குகன்: ஆர் சைமன்? உங்கட வரிக்கணக்குப் பாக்கிறவரோ?

பரமர்: அந்தாளுக்கு ஆர் சிலை வைக்கிறது! இது பூனை. 1948இல ஹொங்கொங்கில ஒரு 17 வயது கடற்படைப் பெடியன் ஒளிச்சுக் கொண்டுபோய் 'அமெதிஸ்ட்' எண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல ஏத்தினது. அடுத்த வருசம் ஏப்ரல் 20, சீனாவில உள்நாட்டுச் சண்டை. யாங்சி ஆத்தில போன கப்பலுக்குச் செல்லடி. கப்டன் ஸ்கின்னர் அந்தக் காயத்தில செத்துப்போனார். பூனைக்கு உடம்பெல்லாம் செல் துண்டும் எரிகாயமும். கப்பல் நூறு நாள் ஆத்துக்குள்ள மாட்டுப்பட்டு நிக்க, சாமான் அறை முழுக்க எலி. காயம் ஆறமுதல் எழும்பி எலி பிடிச்சது உந்தப் பூனை. போரில துணிவு காட்டின விலங்குகளுக்குக் குடுக்கிற டிக்கின் பதக்கம் வாங்கின ஒரேயொரு பூனை.

குகன்: பேந்து?

பரமர்: யூலைக் கடைசியில கப்பல் இரவோட இரவா ஓடித் தப்பினது. நவம்பர்ல இங்கிலாந்து வந்திறங்க, அந்தக் காலச் சட்டப்படி தொற்றுக் காப்பெண்டு சைமனைக் கொண்டுபோய் அடைச்சுப்போட்டாங்கள். அதுக்குள்ளயே 28ஆம் திகதி செத்துப்போச்சு. பதக்கத்தைக் கையில குடுக்கக்கூட இல்லை.

குகன்: செல்லடி பட்டு, கப்பல்ல வந்து, இறங்கின உடனே தடுப்பில போட்டிருக்கிறாங்கள். அப்ப எங்கட ஆள்தான்.

பரமர்: அதைத்தானே சொல்லுறன்! தாட்டதும் எங்கட இல்ஃபோர்ட் விலங்கு மயானத்தில. கல்லறை இருக்கு. ஆனா கடைத்தெருவுக்கு வாற சனம் மயானத்துக்குப் போகுமோ? அதுதான் நடைபாதையில, 12 அடிப் பீடம், மேல சைமன். பெடியள் கீறித் தந்த படம் இஞ்ச, பாரும்.

குகன்: அண்ணை, குந்தியிருக்கிற பூனை எவ்வளவு உயரம் வரும்?

பரமர்: ஒரு முழம் வருமே?

குகன்: அதைக் கொண்டுபோய் 12 அடியில வைச்சால் கீழ நிக்கிற சனத்துக்குத் தாடைதான் தெரியும். அதோட, புறா வந்து பூனையின்ர தலையில இருக்கும்.

பரமர்: பூனையின்ர தலையில புறாவோ? மானக்கேடு!

குகன்: புறாவோட வாக்குவாதப்பட ஏலாதண்ணை. 1943இல இருந்து 1949 வரைக்கும் குடுத்த 54 டிக்கின் பதக்கத்தில 32 புறாவுக்கு. நாய்க்கு 18, குதிரைக்கு 3, மிச்சம் ஒண்டுதான் உங்கட சைமன். சேவை மூப்பும் அவையளுக்குத்தான்.

பரமர்: சரி, பீடத்தை இறக்குவம். எவ்வளவு?

குகன்: இடுப்பு உயரம். 90 சென்ரிமீற்றர் மட்டில. சின்னனுகளுக்கும் முகம் தெரியும், சக்கர நாற்காலியில இருக்கிறவைக்கும் தெரியும். அதைவிடப் பதிச்சால் ஃபோனைப் பாத்துக்கொண்டு வாறவன் தடக்குப்பட்டு விழுவான். விழுந்தால் காப்புறுதிக் கேஸ்.

பரமர்: பூனை மட்டும் அசல் அளவில இருக்கட்டும். அதில நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

குகன்: விட்டுக்குடுக்காட்டி ஒரு கிழமையில சைமனைக் காணமாட்டியள். வெண்கலச் சிலை உள்ளுக்குக் கோறை. தோல் 5 மில்லிமீற்றர் தடிப்பு. அசல் அளவுப் பூனைக்கு 12, 13 கிலோதான் வரும். ஒரு பை அரிசியும் கொஞ்சமும். ஒருத்தன் கக்கத்தில வைச்சுக்கொண்டு பஸ்ஸில ஏறிப் போயிடுவான். வெண்கலத்துக்குப் பழைய உலோகக்காரனிட்ட எப்பவும் விலை.

பரமர்: அப்ப இரண்டு மடங்கு உயரமாக்கு. 26 கிலோ.

குகன்: 26 இல்லையண்ணை, 50. தடிப்பை மாத்தாமல் உயரத்தை இரட்டிச்சால் மேற்பரப்பு நாலு மடங்கு. அந்த அளவு சரி. இருந்தும் பாரத்தை மட்டும் நம்பக்கூடாது. அடியில நாலு இடத்தில துருப்பிடிக்காத உருக்குக் கம்பி, 16 மில்லிமீற்றர், புரி வெட்டினது. கருங்கல்லுக்குள்ள ஒரு சாணுக்குத் துளைச்சு, ரெசின் பசை ஊத்தி இறக்கவேணும். துளைக்குள்ள கல் தூள் நிண்டால் ரெசின் தூளிலதான் ஒட்டும், கல்லில ஒட்டாது. ஊதி, துலக்கி, திருப்பி ஊதவேணும். கன பேர் அவசரத்தில விடுற பிழை அதுதான்.

பரமர்: நல்லது. இப்ப நிலையைப் பாரும். பின்னங்கால் இரண்டிலயும் எழும்பி, வால் மேல போய், ஒரு கை சலூட், வாயில எலி.

குகன்: முதல் கிழமை எலி போகும். இரண்டாம் கிழமை வால். சனிக்கிழமை இரவு குடிச்சுப்போட்டு வாறவங்கள் பிடிச்சுத் தொங்க அந்த வாலைத்தான் தேடுவாங்கள். நீட்டிக்கொண்டு நிக்கிற எதையும் சனம் கைபிடியாத்தான் பாக்கும். குந்தியிருக்கட்டும். வாலைச் சுத்தி முன்னங்காலோட ஒட்டவிடுங்கோ, அப்பிடியே ஒரே கட்டி மாதிரி நிக்கும். எலி வேணுமெண்டால் முன்கைக்குக் கீழ, பூனையோட ஒரே வார்ப்பில.

பரமர்: எலியின்ர பேரைக் கல்லில போடவேணும். கப்பல்ல இருந்த பெரிய எலிக்கு மாலுமியள் வைச்ச பேர் மாவோ சேதுங். அதையும் சைமன்தான் முடிச்சது.

குகன்: போடுங்கோ. சீனத் தூதரகத்தில இருந்து கடிதம் வந்தால் அந்தக் கடிதத்துக்கு ஆர் பதில் எழுதுறது?

பரமர்: செயலாளர்தான்.

குகன்: எலி பேரில்லாமலே கிடக்கட்டும்.

பரமர்: மீசை? படத்தில பாரும், ஒவ்வொரு பக்கமும் 12 மயிர் கீறியிருக்கிறாங்கள்.

குகன்: அதுதான் பெரிய பிரச்சினை. வெண்கலம் அவ்வளவு மெல்லிய வழிக்குள்ள ஓடி முடிக்கமுதல் இறுகிப்போகும். பாதி மீசைதான் வரும். உருக்குக் கம்பியைத் தனியச் செருகலாம், ஆனா ஒரு பிள்ளை கண்ணைக் கொண்டுபோய்க் குத்தினால் கதை முடிஞ்சுது. இருங்கோ, செல்லடியில மீசை என்ன ஆனது?

பரமர்: கருகிப்போச்சு. புருவ மயிரும்தான்.

குகன்: அப்ப மீசையில்லாத சைமன்தான் சரித்திரப்படி சரி! ஏப்ரல் 20க்குப் பிந்தின சைமன். சிற்பிக்குச் செலவும் மிச்சம்.

பரமர்: மீசையில்லாத வீரனோ... எங்கட சனம் ஏற்குமோ தெரியாது. சரி, எப்பிடி வார்ப்பியள்? எல்லாத்தையும் உருக்கி ஊத்துறதுதானே?

குகன்: ஊத்துறது கடைசி நாள், ஒரு நிமிச வேலை. அதுக்கு முதல் மாதக்கணக்கு. முதல்ல ஒரு சாண் மாதிரி ஒண்டு. அதைப் பாத்து எல்லாரும் சண்டை பிடிச்சு முடிக்கவேணும், பெரிசு செய்தாப்பிறகு மூக்கு வடிவில்லை எண்டு சொல்லக்கூடாது. பேந்து கம்பிக்கூட்டில களிமண் உரு. அதை மட்டுமட்டா இரண்டு வீதம் பெரிசாச் செய்யவேணும், வெண்கலம் ஆறேக்க சுருங்கும். உருவில இருந்து சிலிக்கோன் அச்சு, அச்சுக்குள்ள மெழுகு, 5 மில்லிமீற்றர். மெழுகுப் பூனையில ஊத்துற வழியும் காத்துப் போற வழியும் ஒட்டி, பீங்கான் குழம்பில ஏழெட்டுத் தரம் தோய்ச்சுத் தோய்ச்சுக் காயவிட்டால் ஓடு மாதிரி இறுகும்.

பரமர்: பேந்து மெல்லமாச் சூடாக்கி மெழுகை எடுக்கிறது.

குகன்: மெல்லமாச் சூடாக்கினால் ஓடு வெடிக்கும்! மெழுகு உருகமுதல் வீங்கும். சுடுசுடெண்டு எரியிற உலைக்குள்ள ஒரேயடியாத் தள்ளவேணும், வெளிப்பக்க மெழுகு உடன உருகி மிச்சம் வீங்க இடம் விடும். பேந்துதான் 1,100 பாகைக்கு மேல உருகின வெண்கலம். ஆறினால் பீங்கான் ஓட்டை உடைச்சு, வழியளை வெட்டி, ஒட்டு வைச்ச இடத்தைச் சீவி, மயிர் கோட்டைத் திருப்பி இழுக்கவேணும். அடியில ஒரு துளை கட்டாயம் விடோணும்.

பரமர்: சுவாசிக்கவோ?

குகன்: தண்ணி போக! உள்ளுக்கு ஈரம் சேரும். தண்ணி நிண்டு மாரியில உறைஞ்சால் சைமன் வயித்தால பிளக்கும். செல்லுக்கே தப்பின பூனை.

பரமர்: நிறம் கறுப்பும் வெள்ளையும். நெஞ்சு வெள்ளை, பாதம் வெள்ளை. அது மாறக்கூடாது.

குகன்: கறுப்புக்கு வழியிருக்கு, சூடாக்கி ரசாயனம் பூசினால் பிடிக்கும். வெள்ளையும் பூசலாம், ஆனா வெளியில அதுதான் முதல் போகும். மூக்கில நிறமே நிக்காது. எடின்பரோவில கிரேஃபிரையர்ஸ் பொபி எண்ட நாய்க்கு 1873இல சிலை வைச்சவை. மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் எண்டு ஆரோ கிளப்பிவிட, உல்லாசப் பயணியள் உரஞ்சி உரஞ்சி மூக்குப் பித்தளைக் குமிழ் மாதிரி மினுங்கத் தொடங்கிட்டுது. 2013இல காசு குடுத்துத் திருப்பிக் கறுப்பாக்கினவை. அதையும் உரஞ்சிப்போட்டாங்கள்.

பரமர்: எங்கட சனம் மூக்கை உரஞ்சாது. திருநீறு பூசும்.

குகன்: திருநீறு பரவாயில்லை, தட்டலாம். தேங்காயெண்ணெய் ஊத்தினால்தான் தூசி ஒட்டும்.

பரமர்: கல்லுக்கு வருவம். நாலு பக்கமும் உபயகாரர் பெயர். 'வலது காது உபயம்: அமரர்...'

குகன்: அண்ணை, கல்லில வெட்டுறவன் எழுத்துக்கு எழுத்துக் காசு வாங்குவான். இருநூறு பவுண் தந்தவரின்ர பெயரையும் பட்டத்தையும் ஊரையும் வெட்ட இருநூறு போயிடும். பூனையின்ர பெயர், கப்பல், வருசம், அவ்வளவுதான். உபயகாரருக்கு ஒரு புத்தகம் அடியுங்கோ.

பரமர்: காசுப் பக்கம் நான் யோசிச்சிட்டன். உண்டியல்.

குகன்: வருசத்தில 5,000 பவுணைத் தாண்டினால் அறக்கொடை ஆணைக்குழுவில பதியவேணும். பதிஞ்சு, வரித் திணைக்களத்தின்ர அங்கீகாரமும் எடுத்தால், வரி கட்டுறவர் தாற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் தரும். அதுக்குத் தாறவரின்ர பெயர், விலாசம், வரி கட்டுறன் எண்ட உறுதிமொழி வேணும், உண்டியல்ல விழுற காசோட அந்த விவரம் வராது. இன்னொண்டு. காசு காணாட்டி, இல்லாட்டி மிஞ்சினால், என்ன செய்யிறதெண்டு முதல் நோட்டீசிலயே அடியுங்கோ.

பரமர்: மிஞ்சினால் சாவிக்கோர்வை, சின்னச் சைமன் பொம்மை அடிச்சு விப்பம்.

குகன்: சிற்பியின்ர எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஏலாது. சிலையை நீங்கள் வாங்கினாலும் உருவின்ர உரிமை சிற்பிக்கு, அவர் செத்து 70 வருசம் வரைக்கும். தெருவில போறவன் படம் எடுக்கலாம், பொம்மை வார்க்க ஏலாது. ஒப்பந்தம் எழுதேக்கயே கேட்டு வைக்கவேணும், பேந்து கேட்டால் விலை வேற.

பரமர்: கவுன்சில் மறுக்குமோ? எல்லா விலங்குக்கும் சேத்து ஹைட் பார்க்குக்குப் பக்கத்தில 2004இல ஒண்டு கட்டியிருக்கெண்டு சொல்லுவாங்கள்.

குகன்: சொல்லட்டும். ஸ்கொட்லாந்தில மொன்ட்ரோஸ் ஊர்ச்சனம் பம்ஸே எண்ட நோர்வே கப்பல் நாய்க்கு 2006இல சிலை வைச்சவை, நாயைத் தாட்டதும் அங்கதான். எடின்பரோவில போலந்துப் படையோட வந்த வொய்ட்டெக் எண்ட கரடிக்கு 2015இல, அது கடைசிக் காலத்தில இருந்தது அந்த ஊர் மிருகக்காட்சிச்சாலையில. ஊருக்கும் விலங்குக்கும் தொடர்பு இருந்தால் வழக்கு நிக்கும். உங்களுக்கும் மயானம் இருக்கு. மறுப்பு பூனையில வராது, நடைபாதையில வரும். சிலையைச் சுத்தி ஆக்கள் போக இரண்டு மீற்றர் இருக்கோ? கீழ காஸ் குழாய் போகுதோ? கிண்டமுதல் நிலத்தைச் சோதிச்ச படம் வேணும். நிலம் ஆற்றை, அவையின்ர சம்மதக் கடிதம் எங்க? இதெல்லாம் கையில இல்லாமல் விண்ணப்பத்தை உள்ளுக்க விடாதையுங்கோ, எட்டுக் கிழமை எண்ட கணக்கு எல்லாத் தாளும் சரியா வந்த நாளில இருந்துதான்.

பரமர்: தாள் எல்லாம் எழுதியாச்சு. ஒரு கேள்விதான் மிச்சம். சிலையை வருசத்துக்கு இரண்டு தரம் ஆர் கழுவுறது, மெழுகு ஆர் பூசுறது, ஆரும் உடைச்சால் ஆர் திருத்துறது எண்டு கேட்டிருக்கிறாங்கள்.

குகன்: முக்கியமான கேள்வியே அதுதான். கன சிலை அதிலதான் படுக்கும். வைக்கிறதுக்குச் சனம் காசு தரும், கழுவுறதுக்கு ஒரு சதம் தராது. காசு சேக்கேக்கயே ஒரு பங்கை அதுக்கெண்டு ஒதுக்கி, பொறுப்பான ஒரு ஆளின்ர பெயரை எழுத்தில குடுக்கவேணும். வெண்கலம் தெரிஞ்ச ஆளா இருந்தால் கவுன்சில் மறுபேச்சுப் பேசாது.

பரமர்: அதையேதான் நானும் யோசிச்சனான். உம்மட பெயரை எழுதி அனுப்பிப்போட்டன். இதில கையெழுத்து மட்டும்தான் குறை.