நாற்பதில் நாலு பேர்

அமெரிக்க சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் அவருடைய சோதனையில், தவறாகப் பதில் சொல்பவருக்கு ஷாக் கொடுக்கும்படி ஒருவர் உத்தரவிட, 40 பேரில் 26 பேர் உச்சமான 450 வோல்ட் வரை கொடுத்தார்கள் என்று சொல்லி, மனிதன் கட்டளைக்கு அடிமை என முடித்தது அவசரம். (ஷாக் பொய்; வாங்குபவர் வெறுமனே நடித்தார்.)

யேல் பல்கலைக்கழகத்தில் 1961-62இல் அவர் இதே சோதனையைப் பல விதமாக மாற்றிப் பார்த்தார். உத்தரவிடுபவர் அறையில் இல்லாமல் போனில் சொன்னபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் கடைசிவரை போனார். கூடவே ஷாக் கொடுக்க உட்கார்ந்த இருவர் (அவர்களும் நடித்தவர்களே) 'எங்களால் முடியாது' என்று எழுந்துவிட்டால்? கடைசிவரை போனது 40 பேரில் 4 பேர்! எனக்கு அவருடைய ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்த எண்தான். அதையே விட்டுவிட்டீர்களே.

அப்புறம், தெரிந்தவர்கள் வழியே ஆறு பேரில் யாரையும் எட்டிவிடலாம் என்கிற அந்த 'ஆறு பேர் தூரம்' சமாசாரம். 1969இல் வெளியான அவருடைய ஆய்வில், ஒரு தபாலைத் தெரிந்தவர் வழியாகக் கைமாற்றி அனுப்பச் சொல்லி 296 பேரிடமிருந்து தொடங்கிய சங்கிலிகளில் 64 மட்டுமே இலக்கான பாஸ்டன் பங்குத் தரகரிடம் போய்ச் சேர்ந்தன. மீதி நடுவழியிலேயே நின்றுவிட்டன. சேர்ந்தவற்றை மட்டும் எண்ணித்தான் உலகம் சின்னது என்கிறோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். 1984இல் இறந்தபோது அவருக்கு வயது 51தான்.