‘அமேசிங் கிரேஸ்’ புயல் இரவில் பிறந்த பாடலா?

"அடிமைக் கப்பல் புயலில் சிக்கியது. மாலுமி ஜான் நியூட்டன் மனந்திரும்பி, அன்றிரவே ‘அமேசிங் கிரேஸ்’ எழுதி, அடிமைகளை விடுவித்தார்" என்று, அந்த ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து அதை மேலும் பரப்பாதீர்கள்.

புயல் அடித்தது உண்மை, 1748 மார்ச்சில். ஆனால் அந்த ‘கிரேஹவுண்ட்’ கப்பலில் இருந்தது தேன்மெழுகும் மரமும் போன்ற சரக்கு. தண்ணீரைவிட லேசான அந்தச் சரக்கு இருந்ததால்தான் கப்பல் மூழ்காமல் தப்பியது என்கிறது நியூட்டனின் சொந்த வரலாறு. அன்று அவர் ஜெபித்தார். அதன் பிறகும் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகப் போனார் என்பதுதான் நெஞ்சை உறுத்தும் பகுதி. 1754இல் கடலை விட்டதற்குக் காரணம் உடல்நலக் குறைவு.

பாடல் வந்தது ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து. இங்கிலாந்தின் ஓல்னி ஊரில் போதகராக இருந்தபோது, 1773 புத்தாண்டு ஆராதனைக்காக, வேதாகமத்தின் 1 நாளாகமம் 17ஆம் அதிகாரத்தில் தாவீது ராஜா செய்யும் ஜெபத்தை ஒட்டி எழுதினார். 1779இல் அச்சேறியது. இன்று நாம் பாடும் ராகம் அதனுடன் இணைந்தது 1835இல், அமெரிக்காவில்.

அடிமை வணிகத்தை எதிர்த்து 1788இல்தான் அவர் வெளிப்படையாக எழுதினார். தன் பங்கை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட அந்தச் சிறுநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஓல்னியிலுள்ள கௌப்பர்–நியூட்டன் அருங்காட்சியகத்தின் தளத்திலும் சரிபார்க்கலாம். சபைக் குழுவில் அந்தச் செய்தி மறுபடி வந்தால், அனுப்பியவருக்குத் தனியாக, பணிவாகச் சொல்லுங்கள்.