மிளகாய்ப்பொடி தூவினால்தான் சமையலா?

அந்தக் காணொளியை நேற்றிரவிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். கிழக்கு லண்டனில் ஒரு திறந்தவெளிக் கடை. விறகுத் தணலில் முழுதாகச் சுட்ட டர்பட் என்ற தட்டையான கடல்மீனை, காணொளி எடுக்கும் நம்மவர், அதாவது ஒரு தமிழர், கரண்டியால் குத்திப் பார்த்து, "உப்பைப் போட்டுவிட்டு மீதியை மறந்துவிட்டான்" என்று சிரிக்கிறார். பிறகு பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்துத் தூவுகிறார். வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வலித்தது. வயிற்றில் அல்ல.

உப்பையும் நெருப்பையும் மட்டும் வைத்துச் சமைப்பதும் சமையல்தான். சோம்பேறித்தனம் அல்ல, ஏமாற்று வேலையும் அல்ல.

அந்தக் கடை பின்பற்றுவது, ஸ்பெயினின் வடக்கிலும் அதையொட்டிய பிரான்சிலும் வாழும் பாஸ்க் மக்களின் முறை. ஸ்பெயினின் வடகரையில் கெட்டாரியா என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. அங்கே 1964-இல் பெத்ரோ அர்ரெகி தொடங்கிய எல்கானோ உணவகம், டர்பட்டை முழுதாகக் கம்பிக் கூண்டில் பூட்டிக் கரித்தணலில் சுடுவதற்குப் பேர்போனது. நானும் கெட்டாரியாவுக்குப் போயிருக்கிறேன். எல்கானோவில் சாப்பிட எனக்கு வசதியில்லை. வாசலிலேயே அடுப்பு வைத்திருந்த ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். அடுப்படியில் நின்றவர் யாரோடும் பேசவில்லை. கூண்டைத் திருப்புவார், எண்ணெயும் காடியும் கலந்து தெளிப்பார், மறுபடி திருப்புவார். தோலுக்கடியிலும் எலும்பிலும் இருக்கும் பசை இளகி, அந்த எண்ணெயோடு சேர்ந்து தட்டில் குழம்பாகத் திரண்டுவிடுகிறது. தணல் கொஞ்சம் கூடினால் மீன் வறண்டுபோகும், குறைந்தால் சதை முள்ளை விட்டு வராது. இதைத்தான் "மறந்துவிட்டான்" என்கிறார் நம்மவர்.

அதே பாஸ்க் பகுதியில், அஷ்பே என்ற மலையடிவாரச் சிற்றூரில் பிட்டோர் அர்கின்சோனிஸ் என்பவர் 1990 முதல் எட்செபார்ரி என்ற கடையை நடத்துகிறார். விறகை எரித்துத் தணலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். தணலுக்கு மேல் கம்பித்தட்டை ஏற்றி இறக்கவே தனிப் பொறி வைத்திருக்கிறார். எதற்காக? உப்புத் தூவிய இறாலைச் சுட. அதே பாஸ்க் பாணியில் லண்டனில் வேல்ஸ்காரரான டோமோஸ் பேரி 2018-இல் ஷோர்டிச்சில் பிராட் உணவகத்தைத் திறந்தார். 2020-இல் ஹாக்னியில் ரயில்பாதை வளைவு ஒன்றையொட்டித் திறந்தவெளியிலும் அடுப்பு மூட்டினார். இவர்களுக்கெல்லாம் மிளகாய்ப்பொடி வாங்கக் காசில்லை போலும்.

"கருகிய கேக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்பது காணொளியில் நம்மவரின் அடுத்த கண்டுபிடிப்பு. அந்தச் சீஸ்கேக்கை பாஸ்க் நகரமான சான் செபாஸ்டியனில் லா வின்யா என்ற கடை உலகப் புகழ்பெறச் செய்தது. மேல்புறம் கருக வேண்டும் என்பதுதான் அதன் பக்குவம். சென்னை பேக்கரிகளில் அதே கேக்கை வாங்கிப் படம் போடும்போது மட்டும் இனிக்கிறதா?

விலை அதிகம் என்பீர்கள். அதிகம்தான். முழு டர்பட்டை நான்கு பேர் பகிர்ந்து சாப்பிட வேண்டும். கட்டுப்படியாகாவிட்டால் போக வேண்டாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறாய்" என்று இந்நேரம் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். ஐயா, பாஸ்க் மக்களின் மொழிக்கு உலகில் உறவுமொழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் அந்த மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே துரத்தினார்கள். மொழிக்காக அடிபட்டவர்களின் சாப்பாட்டைக் கேலி செய்ய தமிழனுக்கு எப்படி மனம் வருகிறது?

மசாலா நம் அடையாளம் என்கிறீர்கள். யார் இல்லை என்றார்கள்? எங்கள் ஊர்க் கடற்கரையில், வலை இழுத்து முடிந்ததும் சித்தப்பா சாளையைக் கல்லுப்போடு அப்படியே தணலில் போடுவார். சாம்பலைத் தட்டிவிட்டுக் கையில் கொடுப்பார். அதற்கு மல்லியும் இல்லை, மிளகாயும் இல்லை. அவரிடம் போய் மீதியை மறந்துவிட்டாய் என்று சொல்லியிருக்க வேண்டும், கேட்டிருப்பீர்கள் பதிலை.

இதே லண்டனில் என் அலுவலகத்தில், நான் கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கினால் ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார், மற்றவர்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். அதையும் நகைச்சுவை என்றுதான் சொன்னார்கள். அன்று எனக்காகக் கொதித்தவர்களில் பாதிப்பேர் இன்று இந்தக் காணொளியைப் பகிர்ந்திருக்கிறீர்கள்.

மீனைக்கூட விடுங்கள். காணொளியில் பரிமாறும் பெண் வந்து "எல்லாம் சரியாக இருக்கிறதா" என்று கேட்கிறாள், கவனித்தீர்களா? நம்மவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் அவளைக் கிண்டல் செய்கிறார். புரியாமல் அவளும் சிரிக்கிறாள், நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டி ரசிப்பது அந்த இடத்தைத்தான். என் அண்ணனும் அதற்குச் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார். அண்ணா, இந்த ஊருக்கு வந்த புதிதில் நீங்களும் உணவகத்தில் தட்டு எடுத்தவர்தான். மேசையில் இருந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்று தெரியாமல் இரவெல்லாம் புலம்பினீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான்.