திறக்காமலே திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

2024 ஆடி மாதம். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, ரேஷன் கார்டு நகல் எடுக்க என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். காலையில் ஏழரைக்கு வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "அண்ணே, நீங்கதான பள்ளிக்கூடக் கமிட்டில இருக்கீக? பிள்ளைக்குக் கொடுத்துவிடுற தண்ணி பாட்டிலு மூடி திறக்காம அப்படியே திரும்பி வருது. என்னடின்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா" என்றார்.

அப்போது நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மகளும் அதே பள்ளியில்தான் நான்காவது படித்தாள். ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. கழிப்பறை வசதி உள்ளது என்று எழுதிய தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மறுநாள் சத்துணவு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெண் பிள்ளைகள் கழிப்பறை இரண்டு. இரண்டுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. துருப்பிடித்து விழுந்த இடத்தில் ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகள் அப்படிச் சமாளித்துக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

தாழ்ப்பாள் என்ன பெரிய விலையா? வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா, வேலை முடிந்து வந்து ஒரே ராத்திரியில் இரண்டு கதவுக்கும் மாட்டிக் கொடுத்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அரசுப் பள்ளியில் பெற்றோர் பங்கேற்பு என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டில்தான் கண் முன்னால் வருகிறது. "பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல சார், கூப்பிட்டா வர்றதில்ல" என்று ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்களும் சொல்கிறார்கள். நானே சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் பாட்டிலைத் தினமும் தூக்கிப் பார்த்து எடை கண்ட அந்த அம்மாவுக்கா அக்கறை இல்லை? இரண்டு வருடத்தில் ஒரு கூட்டத்துக்கும் அவர் வந்ததில்லை என்பது உண்மைதான். கூட்டம் நடந்தது வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் அவர் தீப்பெட்டி ஆபீசில் இருப்பார். பாதியில் கிளம்பினால் அன்றைய கூலி போச்சு, திரும்பி வர வேனும் கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பருத்தி எடுக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். மூன்று மணிக்கு வர முடிந்தவர்கள் என்னைப்போல் சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் மட்டும்தான்.

சட்டத்தில் ஒன்றும் குறை இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிக்கலாம். வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் இந்தக் குழுதான். தமிழ்நாட்டில் 2022இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்று ஊர் ஊராகப் பெற்றோரை அழைத்துக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, தலைவர் பொறுப்பை ஒரு அம்மாவுக்கே கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ஊரில் தலைவரான அக்கா முதல் கூட்டத்துக்கு வந்தபோது, செருப்பை வகுப்பறை வாசலில் கழற்றிவிட்டுக் கதவோரமாகவே நின்றார். எச்.எம். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. தான் படித்த பள்ளிக்கூடம், தனக்குப் பாடம் நடத்தின இடம், அங்கே எப்படி உட்காருவது என்ற தயக்கம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருடைய ஐந்து வருடப் பள்ளிப் படிப்பில் அவருடைய அம்மா அப்பாவை அந்தப் பள்ளிக்கூடம் கூப்பிட்டது இரண்டே தடவை, இரண்டும் அவர் தப்பு செய்ததைச் சொல்வதற்காக. இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். பள்ளியிலிருந்து ஆள் வந்தால் ஏதோ புகார் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

ஆனால் நம் ஊர்களுக்குப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்தத் தெரியாதா என்ன? 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு தொடங்கியபோது முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும்தான் அடுப்பு எரிந்தது. அப்புறம்தான் அரசு தன் பங்கைச் சேர்த்தது. 1958இல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியது. மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் 'கல்விச் சீர்' நடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் பழமும் நோட்டும் பென்சிலும், பின்னால் தலையில் பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி, தள்ளுவண்டியில் பீரோ. தாய்மாமன் வீட்டுச் சீர் மாதிரி ஊரே ஊர்வலமாகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போகும். எங்கள் ஊரிலும் ஒரு தடவை நடந்தது. தெருவுக்குத் தெரு பிரித்த காசில் நாற்பது நாற்காலி வாங்கிப் போனோம்.

எனக்கு இதில் ஒரே ஒரு ஆதங்கம். நாற்காலி கொண்டுவந்து கொடுத்தவர்களை அதிலேயே உட்காரவைத்து, "உங்க பிள்ளை வீட்ல என்ன சொல்றா? இங்க என்ன மாத்தணும்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, வாழ்த்திப் பேசி, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிட்டோம். பெற்றோரிடம் பொருள் கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது, யோசனை கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

தாழ்ப்பாள் விஷயத்துக்குப் பிறகு எச்.எம். டீச்சரிடம் ஒன்று கேட்டேன். கூட்டத்தை மாலை ஆறரைக்கு வைக்கலாமா, பள்ளிக்கூடத்தில் வேண்டாம், எங்கள் தெரு மந்தைத் திடலில் வைக்கலாமா? அவருக்கு இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு ஏற்றுவதற்கே அவருக்கு நேரம் பத்தாது. இருந்தும், "மூணு மாசம் வச்சுப் பார்ப்போம் சார்" என்றார். அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அதுபாட்டுக்கு நடக்கட்டும், இது தனி.

முதல் நாள் பதினொரு பேர். இரண்டாவது தடவை முப்பதுக்கு மேல். வேன் இறங்கின கையோடு, சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு அம்மா மடியிலும் வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா தன் மகனின் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ஏன் டீச்சர் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டார். பையன் அந்த வாரம் முழுக்க எதுவும் எழுதவில்லை. கண்ணாடி போட வேண்டிய பிள்ளை, பலகையில் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. எழுத்துத் தெரியாத தாய்க்கு வெறும் பக்கம் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு பள்ளிக்கு என்ன உதவி வேண்டும்?

அந்த ஆகஸ்டிலேயே குழுக்களை மறுபடி புதுப்பித்தார்கள். முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பாட்டில் அம்மாவின் பெயரைக் கூட்டத்தில் நான்தான் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார், அப்புறம் ஒத்துக்கொண்டார். அக்டோபர் 2 கிராம சபையில் பள்ளிச் சுற்றுச்சுவருக்கான தீர்மானத்தை அவர்தான் எழுந்து வாசித்தார். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

அப்பாக்கள் வருவது இன்னும் குறைவுதான். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. வேலை கொடுத்துக் கூப்பிட்டால் வருகிறார்கள், பேசக் கூப்பிட்டால் நழுவுகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். புகார் எதுவும் இல்லாத ஒரு நாளில் ஒரு பெற்றோருக்கு போன் பண்ணுங்கள். "உங்க பையன் இன்னைக்கு நல்லா வாசிச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பெற்றோர்கள் இருந்தால், உங்கள் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கு வர முடியாது என்றால் அதையும் எச்.எம்.மிடம் நேரில் சொல்லுங்கள்.

எங்களுக்கு இந்த மாதக் கூட்டத்தில் பஸ் விஷயம். எட்டாவது முடித்த பிள்ளைகள் ஏழு கிலோமீட்டர் தள்ளி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். காலை பஸ் நேரம் மாறியதிலிருந்து முதல் பீரியடைத் தவறவிடுகிறார்கள். எந்த நாளில் பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு மாதமாக மூன்று அம்மாக்கள் காலண்டர் தாளில் குறித்து வைத்திருக்கிறார்கள். டெப்போவுக்குக் கொடுக்கும் மனுவோடு அந்தத் தாள்களையும் நகல் எடுத்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி கடையைச் சாத்தப் போவதில்லை.