டேங்க்னா பெட்ரோல் நிக்கணும்யா!

"பெட்ரோல் ஊத்திப் பாருங்க, ஒழுகுச்சுன்னா வீடியோ எடுத்து அனுப்புங்க"ன்னு, என் பழைய பைக்குக்குப் புது பெட்ரோல் டேங்க் வித்தவன் சொன்னான். ஊத்தினேன். ஒழுகுச்சு. வீடியோ எடுத்து அனுப்பினேன். இன்னிக்குக் காலையில பதில் வந்திருக்கு: "பெட்ரோல் ஊத்தின டேங்க்க ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்."

இத இன்னொரு தடவ படிங்க. நான் காலையிலேர்ந்து படிச்சுக்கிட்டேதான் இருக்கேன். பெட்ரோல் ஊத்தாம ஒழுகுதுன்னு நிரூபிக்க முடியாது, நிரூபிக்க ஊத்திட்டா திருப்பித் தர முடியாது. அப்ப எந்தக் காலத்துலயும் எவனும் ஒரு டேங்க்க திருப்பித் தரவே முடியாது. இந்தத் தைரியத்துலதான்யா விக்கிறானுங்க.

இது எனக்கு மூணாவது டேங்க். மூணும் வேற வேற ஆள்கிட்ட வாங்கினது.

ஒரிஜினல் டேங்க் எப்படிச் சாகும்னு பழைய வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அடியில ரெண்டு தகடும் சேர்ற மடிப்புல, தண்ணி தேங்குற அந்த மூலையில, ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. நான் என்ன செய்யல? சிட்ரிக் ஆசிட்ல ரெண்டு நாள் ஊற வெச்சேன். நட்டும் போல்ட்டும் அள்ளிப் போட்டுத் தோள் கழண்டு போற மாதிரி குலுக்கினேன். வாஷிங் சோடா கரைச்சு, பேட்டரி சார்ஜர மாட்டித் துரு எடுத்தேன். கழுவிக் காய வைக்கிறதுக்குள்ளயே உள்ள மஞ்சளா மறுபடி துரு பூத்துச்சு. கடைசியா உள்பூச்சு ஊத்தினேன். ஒரு வருஷம்தான். அதுவும் பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வந்து பெட்ரோல் டேப் (பெட்ரோல திறந்து மூடுற குழாய்) வாயில உக்காந்துக்கிச்சு. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு முன்னாடி பழைய பூச்சு நிக்கிறதில்ல. 10 சதவீத எத்தனால் இருக்கிற பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணியத்தான் தனக்குள்ள கரைச்சு வெச்சுக்கும். அதுக்கு மேல போனா தண்ணியும் எத்தனாலும் சேந்து பிரிஞ்சு அடியில இறங்கிடும். அடியில என்ன இருக்கு? அந்த மடிப்பு.

சரி, புது டேங்க் வாங்கிடலாம்னு பாத்தா, கம்பெனியில செஞ்ச டேங்க் புதுசா எங்கயும் இல்ல. பழசு ஒண்ணு நல்ல நிலைமையில வந்தா, வண்டியோட விலையில பாதி கேக்குறாங்க. அதுக்கும் உள்ள டார்ச் அடிச்சுப் பாக்க விட மாட்டாங்க. மிச்சம் இருக்கிற ஒரே வழி, அச்சு அசல் மாதிரியே செஞ்சு குறைஞ்ச விலைக்கு விக்கிற டேங்க். குறைஞ்ச விலைக்கு வாங்குறது தப்பா? சம்பளக்காரன் அப்பா ஓட்டின வண்டிய ரோட்டுல வெச்சுக்கணும்னு நினைக்கிறது பேராசையா?

"கனமான தகடு. அப்படியே பொருந்தும். 1955 முதல் 1990 வரை எல்லா மாடலுக்கும்." இதான் அவன் போட்டிருந்த விளம்பரம். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு ஒரே டேங்க்! உதாரணத்துக்கு, டிரையம்ப் போனவில்னு ஒரு பிரிட்டிஷ் பைக் 1959-ல வந்துச்சு. 1971-ல அதே பேர்ல வந்த வண்டிக்கு ஃபிரேமையே மாத்திட்டாங்க. இன்ஜின் ஆயில் ஃபிரேமோட முதுகுக் குழாய்க்குள்ள போச்சு, குழாய் தடிச்சுது, 1970 டேங்க் அது மேல உக்காராது. ஒரே வருஷ வித்தியாசம், அதே பேர். பேர் தெரிஞ்சா மட்டும் டேங்க் செஞ்சிட முடியாதுன்னு இத விக்கிறவனுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். வாங்குறவன் தலையில கட்டிட்டா போதும்னு இருக்கான்.

பார்சல் வந்துச்சு. பிரிச்சேன். பெயிண்ட் பளபளன்னு கண்ண பறிச்சுது, அதுல குறை சொல்ல முடியாது. கையில தூக்கினேன். உள்ள கலகலன்னு சத்தம். கவுத்துக் குலுக்கினா வெல்டிங் உருண்டை கொட்டுது, மணல் மாதிரி பழுப்புத் தூளும் கூட. அது அப்படியே டேப் வழியா இறங்கி கார்புரேட்டர் மெயின் ஜெட்ல, பெட்ரோல் போற அந்தக் குட்டி ஓட்டையில, போய் நின்னா வண்டி நடுரோட்டுல நிக்கும். சரி, கழுவிக்கலாம்னு மனச தேத்திக்கிட்டேன்.

அடுத்து ஃபிரிட்ஜ் கதவுல இருந்த காந்தத்த எடுத்து டேங்க் மேல ஓட்டிப் பாத்தேன். மேல் பக்கம் டக்குனு பிடிச்சுது. இடது முழங்கால் பக்கம் பிடிச்சுது. வலது முழங்கால் பக்கம் வந்தப்ப கையிலேர்ந்து நழுவித் தரையில விழுந்துச்சு. மறுபடி வெச்சேன். மறுபடி விழுந்துச்சு. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி, பள்ளத்த அப்பி அடைக்கிற பசை! தகட்டுல பிடிக்கிற காந்தம் அதுல பிடிக்காது. ஒரு நாள்கூட ரோட்டுக்கு வராத புது டேங்க்ல அவ்வளவு தடிமனா பட்டி பாத்து வெச்சிருக்கான். தகடு அடிச்சப்பவே சுருங்கியிருக்கு, அத அப்பி மறைச்சு மேல பெயிண்ட் அடிச்சுட்டான். பட்டி வெடிச்சு உதிர்றப்ப விக்கிறவன் எங்க இருப்பான், நான் எங்க இருப்பேன்?

அதுக்கப்புறம் வண்டியில வெச்சுப் பாத்தேன். முன்னாடி இருக்கிற ரெண்டு ஓட்டையில ஒண்ணு பிராக்கெட்டோட சேந்தா இன்னொண்ணு 11 மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. போன் போட்டேன்.

"ரப்பர் போட்டு மாட்டுறீங்களா சார்?"

"ஆமா."

"ரப்பர எடுத்துட்டு மாட்டுங்க, உக்காந்துரும்."

ஒத்த சிலிண்டர் வண்டிய்யா! அது போடுற அதிர்வுல பல்லே ஆடும். அந்த ரப்பர் அழகுக்கா வெச்சிருக்கு? ரப்பர் இல்லாம தகட்ட நேரா ஃபிரேம்ல இறுக்கினா ஒரே மாசத்துல பிராக்கெட் ஓரமா கீறல் விடும். இதச் சொன்னேன். "அப்ப லேசா தட்டிக்கோங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க"ன்னான். காசு கொடுத்து வாங்கின புது டேங்க்க, பெயிண்ட் அடிச்ச டேங்க்க, நான் சுத்தியால தட்டணும். எல்லாரும் தட்டுறாங்களாம். எல்லாரும் தட்டுறாங்கன்னா அச்சு தப்புன்னுதானே அர்த்தம்? அச்ச திருத்த வேண்டியதுதானே?

பெட்ரோல் டேப்புக்கு வந்தா அது அடுத்த கூத்து. என் வண்டி பிரிட்டிஷ் பரம்பரை. டேப் மரை கால் இன்ச் பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை. பேர்லதான் கால் இன்ச்சு. மரையோட வெளிவிட்டத்த அளந்தா 13.157 மில்லி வரும், ஒரு இன்ச்சுக்கு 19 மரை. இவன் 14 மில்லி மெட்ரிக் மரை போட்டு அனுப்பியிருக்கான். டேப்ப வெச்சுத் திருகினா ஒரு சுத்து லொடலொடன்னு ஏறுது, அப்புறம் பிடிச்சுக்குது. இன்னும் முறுக்கினா மரை போயிடும். அதுக்கும் அவன்கிட்ட மருந்து இருக்கு: "டெஃப்லான் டேப் நல்லா சுத்திப் போடுங்க சார்." தண்ணிக் குழாய்க்குச் சொல்ற வைத்தியத்த பெட்ரோலுக்குச் சொல்றான். அந்த டெஃப்லான் நார் பிஞ்சு ஜெட்ல மாட்டினா யார் கழட்டுறது? இந்த மரை வாஷர் வெச்சு அடைக்கிற மரை, டெஃப்லான் சுத்தி அடைக்கிற மரை கிடையாது.

இந்த மூணு குறையோடயே திருப்பி அனுப்பியிருக்கணும். "ஒழுகாம இருந்தா சரி, மத்தத நாம பாத்துக்கலாம்"னு விட்டேன். இந்த "நாம பாத்துக்கலாம்"தான் நம்ம எல்லாரையும் கெடுக்குது.

முதல் டேங்க்ல பட்ட அடியால இந்தத் தடவ முன்னாடியே சோதிச்சேன். டேப் ஓட்டையில 14 மில்லி போல்ட்டும் செப்பு வாஷரும் வெச்சு அடைச்சேன். மூடி வாயில சைக்கிள் டியூப் துண்ட இறுக்கிக் கட்டி, பம்புல ரெண்டு பிஎஸ்ஐ தாண்டாம மெதுவா காத்து ஏத்தினேன். கூட வெச்சா தகடு உப்பிடும். சோப்புத் தண்ணிய பிரஷ்ஷால தடவிக்கிட்டே வந்தேன். மடிப்பு முழுக்க சுத்தம். கடைசியில, பின்பக்கம் பிராக்கெட்ட ஒட்டின இடத்துல, கடுகு அளவுக்கு ஒரு குமிழி எழுந்துச்சு. உடைஞ்சுது. அதே இடத்துல இன்னொண்ணு. ஸ்பாட் வெல்டிங் தகட்ட எரிச்சு ஓட்டை போட்டிருக்கு.

படம் எடுத்து அனுப்பினேன். "காத்து வேற, பெட்ரோல் வேற சார். காத்து எதுலயும் போகும்"னான். அதுக்கப்புறம்தான் அந்த வீடியோ யோசனை.

நேத்து ராத்திரி வாசல்ல ஸ்டூல் போட்டு, அது மேல டேங்க்க வெச்சு, ரெண்டு லிட்டர் ஊத்தினேன். பத்து நிமிஷம் ஒண்ணுமில்ல. நம்ப ஆரம்பிச்சுட்டேன்யா! அப்புறம் அந்த பிராக்கெட் ஓரம் லேசா கறுத்துச்சு. ஈரம் பரவுச்சு. ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்துச்சு. வாட்ச்ச பாத்து எண்ணினேன், பதினெட்டு விநாடிக்கு ஒரு சொட்டு. ஓட்டையச் சுத்தி அந்தப் பளபள பெயிண்ட் கிழவி கன்னம் மாதிரி சுருங்கி எழும்புது. பெட்ரோல் பட்டா தாங்காத பெயிண்ட்ட பெட்ரோல் டேங்க்ல அடிச்சிருக்கான்! நாலு நிமிஷ வீடியோ எடுத்து அனுப்பினேன்.

அதுக்குத்தான் அந்தப் பதில். அதோட விடல, கீழ இன்னொரு வரி: "சின்ன ஓட்டைதான் சார், பக்கத்துல வெல்டிங் வெச்சுக்கோங்க."

இந்த வரிய படிச்சப்பதான் எனக்கு நிஜமா கை நடுங்குச்சு. பெட்ரோல் ஊத்தின டேங்க்ல வெல்டிங் வைக்கச் சொல்றான். காத்துல பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே பத்திக்கும். 7.6 சதவீதம் வரைக்கும் பத்திக்கும். நிறைஞ்ச டேங்க்ல ஆவி காத்தோட கலக்க இடமில்ல. காலி பண்ணின டேங்க்ல உள்ள முழுக்க அந்தக் கலவைதான். அதுல தீப்பொறி போனா அது டேங்க் இல்ல, குண்டு. வெல்டிங் டார்ச்ச பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாக்குறது அவன் மூஞ்சி இல்ல, ஏதோ ஒரு டிங்கர் அண்ணனோட மூஞ்சி. கழுவி, ஆவி போக்கி, விவரம் தெரிஞ்சவன் செய்ய வேண்டிய வேலைய, "சின்ன ஓட்டைதான்"னு ஒரு வரியில எழுதிட்டுப் போறான். ரிட்டர்ன் எடுக்காதது என் காசோட போச்சு. இது ஆள் உசுரு.

ரெண்டாவது டேங்க் கதையையும் சொல்லிடுறேன், இல்லன்னா நெஞ்சு ஆறாது. அது ஒழுகல. ஆனா பத்து நிமிஷம் ஓடினா வண்டி மூச்சு முட்டி நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு உதைச்சா கிளம்பும். கார்புரேட்டர மூணு வாரம் கழட்டி மாட்டினோம், நானும் மெக்கானிக் அண்ணனும். ஃப்ளோட் மாத்தினோம், பிளக் மாத்தினோம், காயில்வரைக்கும் சந்தேகப்பட்டோம். ஒரு நாள் நின்ன உடனே மூடிய திறந்தா உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுக்குது. மூடியில காத்துப் போற ஓட்டையே போடல! பெட்ரோல் இறங்கினா அந்த இடத்துக்குக் காத்து வரணும், வரலன்னா பெட்ரோல் இறங்காது. ஒரு மில்லி ஓட்டை. அத போட மறந்தவன் எங்களோட மூணு வாரத்த தின்னுட்டான். அந்த டேங்க் மூணே மாசத்துல மடிப்புல கசிய ஆரம்பிச்சது தனிக் கதை.

நான் என்ன பெருசா கேக்குறேன்? தகடு மெலிசுன்னா மெலிசுன்னு எழுது. மரை மெட்ரிக்னா மெட்ரிக்னு எழுது, நான் டேப்ப மாத்திக்கிறேன். பெயிண்ட்டே வேண்டாம், வெறும் தகடா கொடு, எது பட்டி எது தகடுன்னு கண்ணால பாத்து வாங்குறேன். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தொட்டித் தண்ணியில முக்கிக் காத்தடிச்சுப் பாரு. அஞ்சு நிமிஷ வேலை. விலையில கொஞ்சம் ஏத்திக்கோ, சந்தோஷமா தரேன்.

இதுக்கு நடுவுல இந்த டேங்க்குக்கு அஞ்சு ஸ்டார் போட்டு வெச்சிருக்கீங்களே, உங்களையும் கேக்கணும். "சூப்பர் லுக்", "பேக்கிங் அருமை". பார்சல் வந்த அன்னிக்கே எழுதியிருக்கீங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் ஊத்திட்டு எழுதியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். உங்க ஸ்டார நம்பித்தான் வாங்கினேன்.

அப்புறம் அந்த பேக்கிங்! அட்டப்பெட்டிக்குள்ள தெர்மகோல் உருண்டைய கொட்டி அனுப்பியிருக்கான், ஒரு பையிலகூட கட்டல. பிரிச்ச நிமிஷம் ஃபேன் காத்துல வீடு முழுக்கப் பறந்துச்சு. கூட்டினா துடைப்பத்துல ஒட்டுது, துடைப்பத்த உதறினா கையில ஒட்டுது, கைய உதறினா சட்டையில ஒட்டுது. பார்சல் வந்து ஒன்பது நாள் ஆச்சு. சோபா அடியில, செருப்புக்குள்ள, பொண்ணோட ஸ்கூல் பையில, எங்க பாத்தாலும் உருண்டை. இத எழுதிக்கிட்டிருக்கிறப்பவே முழங்கையில ஒண்ணு ஒட்டியிருக்கு. உதறினேன். இப்ப போன் ஸ்கிரீன்ல ஒட்டிக்கிட்டு நிக்குது.